மண்ணைப் படிக்க வர்றீங்களா? தொல்லியல் படிப்பும் வேலையும்

(அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நடந்த உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில், மாணவர்களும் பெற்றோர்களும் இருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



துறைத் தலைவர் அவர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், ஒரு நாள் கூலியை விட்டுட்டு, கடையைப் பூட்டிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற அம்மா அப்பாக்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் என் வணக்கம்.

முதல்ல என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தொல்லியலாளர் கிடையாது. இதழியல் படிச்சேன், செய்தித் துறையில் எழுத்துப் பணியில் இருக்கேன். அகழாய்வு பற்றி எழுதுறதுக்காகக் குழிகளுக்குப் பக்கத்தில் நின்று, வேலை செய்றவங்களிடம் கேள்வி கேட்டுக் குறிப்பெடுத்திருக்கேன். உங்களைவிட நாலஞ்சு வயசுதான் மூத்தவள். அதனால உபதேசம் எதுவும் கிடையாது. விசாரிச்சுத் தெரிஞ்சுகிட்டதை, நல்லதையும் கஷ்டத்தையும் சேர்த்து, உங்க முன்னாடி வைக்கிறேன். முடிவு நீங்களும் உங்க வீட்டுப் பெரியவங்களும் எடுக்க வேண்டியது.

அந்தக் குழிக்குள்ள என்ன நடக்குது?

தொல்லியல்னு சொன்னதும் சினிமாவில் வர்ற புதையல் குகையும் தங்கக் காசும்தான் நமக்கு ஞாபகம் வரும். உண்மையான வேலை வேற மாதிரி இருக்கும்.

அகழாய்வு தொடங்கும் முன்னாடியே பாதி வேலை நடந்திருக்கும். ஊர் ஊராக நடந்து மேற்பரப்பில் கிடக்கும் பானை ஓடு, கல், செங்கல் எல்லாத்தையும் பார்க்கணும். ஆத்தங்கரை மேடு, கண்மாய்க் கரை, ஊருக்கு வெளியே இருக்கிற பழைய திடல் இதையெல்லாம் வரைபடத்தில் குறிக்கணும். பிறகு ஒன்றிய அரசின் தொல்லியல் ஆலோசனைக் குழுவிடம் அனுமதி வாங்கணும். அனுமதி இல்லாம யாரும் எங்கேயும் அகழாய்வு செய்ய முடியாது. மாநில அரசின் தொல்லியல் துறைக்கும் இதே விதிதான்.

அனுமதி வந்ததும் நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரிச்சுக் கயிறு கட்டுவாங்க. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு குறியீடு. மண்வெட்டியால் வெட்டித் தள்ளுற வேலை இல்லை. சின்னக் கொத்து, கரண்டி, தூரிகை இதை வெச்சு மண்ணைச் சீவிச் சீவி எடுப்பாங்க. மண்ணின் நிறம் மாறினா உடனே நிறுத்திப் பார்ப்பாங்க. கறுப்பு மண் அடுப்புச் சாம்பலாக இருக்கலாம். வட்டமாக நிறம் மாறினா அது ஒரு காலத்தில் மரத்தூண் நட்ட குழியாக இருக்கலாம். எடுத்த மண்ணையும் அப்படியே கொட்டிட மாட்டாங்க. சல்லடையில் சலிச்சுப் பார்த்தா குட்டி மணி, எலும்புத் துண்டு, நெல் உமி கிடைக்கும்.

கிடைச்ச பானை ஓடுகளைக் கழுவி, வெயிலில் காயவெச்சு, எந்தக் குழி, எந்த அடுக்கு என்று தனித்தனியாகப் பரப்பி வைப்பாங்க. ஆயிரக்கணக்கான ஓடுகள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, நிறம், விளிம்பு, வழவழப்பு, கீறல் இருக்கா, எழுத்து இருக்கா என்று பார்க்கணும். பிறகு எழுதணும், வரையணும், படம் எடுக்கணும். ஒரு தொல்லியலாளர் தோண்டுற நேரத்தைவிட எழுதுற நேரம்தான் அதிகம்.

எழுதி வைக்கலைன்னா அது வெறும் ஓடு

இவ்வளவு பதிவு எதுக்கு? கீழடியை எடுத்துக்குவோம்.

சிவகங்கை மாவட்டம் கீழடியில் முதலில் 2014-15 முதல் மூன்று பருவம் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை அகழாய்வு செய்தது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. நான்காம் கட்டத்தில் மட்டும் 5,820 தொல்பொருட்கள் கிடைச்சதாக 2019-ல் வெளியான அறிக்கை சொல்லுது. தமிழி எழுத்து பொறித்த ஓடுகள் 56.

அந்தக் கட்டத்தில் ஆறு கரித்துண்டு மாதிரிகளை அமெரிக்காவில் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. அதில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரிக்குக் கி.மு. 580 என்று காலம் வந்தது. வைகைக் கரையின் நகர வாழ்க்கை கி.மு. 6-ம் நூற்றாண்டுக்குப் போகுதுன்னு சொல்றதுக்கு அந்தக் கரித்துண்டு ஆதாரம் ஆச்சு.

இது எப்படி முடியுது? உயிரோட இருக்கிற செடி, மரம், விலங்கு எல்லாம் கார்பன்-14 என்ற பொருளை எடுத்துக்கிட்டே இருக்கும். செத்த பிறகு அது குறைய ஆரம்பிக்கும். 5,730 ஆண்டில் பாதியாகும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளந்தா, எப்போ செத்ததுன்னு கணக்கு போடலாம்.

ஆய்வகம் சொல்றது அந்தக் கரியின் வயசை மட்டும்தான். அந்தக் கரி எந்த ஆழத்தில் இருந்தது, அதே அடுக்கில் கூட என்னென்ன கிடைச்சது, பிற்காலக் குழி எதுவும் அந்த அடுக்கைக் குலைக்காம இருந்ததா, இதையெல்லாம் சொல்ல வேண்டியது குழிக்குள்ள நின்ன ஆளோட நோட்டுப் புத்தகம். "353 செ.மீ." என்று ஒருத்தர் வெயிலில் நின்னு டேப் பிடிச்சு அளந்து எழுதலைன்னா, கி.மு. 580 என்ற விடைக்கு அர்த்தமே இருந்திருக்காது.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையிலும் இப்படித்தான். முதுமக்கள் தாழிக்குள்ள மண்ணோடு மண்ணாக இருந்த நெல் உமியைப் பிரிச்சு எடுத்து அனுப்பினாங்க. கி.மு. 1155 என்று காலம் வந்தது, 2021-ல் சட்டப்பேரவையில் அறிவிச்சாங்க. "தாழிக்குள்ள வெறும் மண்ணுதானே"ன்னு யாராவது கொட்டியிருந்தா அந்த 3,000 ஆண்டு கொட்டிப் போயிருக்கும்.

அதனால இந்த வேலைக்கு முதல் தகுதி பொறுமை. இரண்டாவது, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுற நேர்மை. நமக்குப் பிடிச்ச விடை வரணும்னு மண்ணை வளைக்கக் கூடாது.

தோண்டுறது மட்டும்தான் தொல்லியலா?

இல்லை. உள்ளே பல வேலைகள் இருக்கு. உங்களுக்கு எது பொருந்தும்னு இப்பவே யோசிங்க.

கல்வெட்டு படிக்கிறவங்க இருக்காங்க. கல்லைச் சுத்தம் செய்து, ஈரத்தாளை அதன் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள்ள தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பாங்க. இதுக்கு மைப்படின்னு பேர். பிறகு தமிழி, வட்டெழுத்து, கிரந்தம், சோழர் காலத் தமிழ் எழுத்து என்று காலத்துக்கு ஏற்றபடி படிக்கணும். தமிழ் இலக்கியம் படிக்கிற மாணவர்களுக்கு இது நல்ல வழி.

நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கிறவங்க இருக்காங்க. சுண்ணாம்புச் சாந்து, கல், ஓவியம் பற்றின அறிவு வேணும். கட்டடக் கலையும் வேதியியலும் இங்கே கை கொடுக்கும். துருப்பிடிச்ச இரும்பு வாளை மேலும் உதிராம காப்பாத்துறது வேதியியல் படிச்சவங்க வேலை. எலும்பைப் பார்த்து மாடா ஆடான்னு சொல்றதுக்கு விலங்கியல் வேணும். கருகின தானியத்தை அடையாளம் காணத் தாவரவியல் வேணும். நிலத்தின் பழைய ஆற்றுப் பாதையைக் கண்டுபிடிக்கப் புவியியலும் நிலவியலும் வேணும். ட்ரோன் படம், செயற்கைக்கோள் வரைபடம், முப்பரிமாணப் பதிவு என்று கணினி ஆட்களுக்கும் இடம் இருக்கு. கடலுக்கடியில் தேடுற பிரிவும் உண்டு. அருங்காட்சியகத்தில் பொருளைக் காட்சிப்படுத்தி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்றதும் தனி வேலைதான்.

இந்தத் துறையில் பேர் எடுத்தவங்களைப் பாருங்க. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு நிலவியலாளர். சங்ககாலத் தமிழி கல்வெட்டுகளைப் படிச்சு, 2003-ல் பெரிய நூலாகக் கொடுத்த ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். வேற வாசல் வழியாகவும் இந்த வீட்டுக்குள்ள வரலாம்.

என்ன படிக்கணும்?

பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் பரவாயில்லை. இளங்கலையில் வரலாறு, தமிழ், மானிடவியல், நிலவியல், புவியியல் எடுத்தவங்களுக்குப் பாதை நேராக இருக்கும். மத்தவங்களுக்கு முதுகலையில் கொஞ்சம் வளைஞ்சு வரணும்.

முதுகலை அளவில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை இருக்கு. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறையும், கடல்சார் வரலாறு, கடல்சார் தொல்லியலுக்கான துறையும் இருக்கு. வெளியே போகத் தயார்னா புனே டெக்கான் கல்லூரி இந்தத் துறைக்கு நாடு முழுக்கப் பேர் பெற்ற இடம்.

முதுகலை முடிச்ச பிறகு இரண்டு முக்கியமான பட்டயப் படிப்புகளைக் கவனிங்க. ஒன்று, தமிழ்நாடு தொல்லியல் துறையே நடத்தும் தொல்லியல் நிறுவனத்தின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு. அகழாய்வு, கல்வெட்டு இரண்டிலும் களப்பயிற்சி கிடைக்கும், படிக்கும்போது மாத உதவித்தொகையும் உண்டு. இன்னொன்று, இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை கிரேட்டர் நொய்டாவில் நடத்தும் பண்டித தீனதயாள் உபாத்யாய தொல்லியல் நிறுவனத்தின் இரண்டாண்டுப் படிப்பு. இரண்டிலுமே இடங்கள் ரொம்பக் குறைவு, போட்டி அதிகம்.

நொய்டா படிப்பு பற்றி ஒரு செய்தி. 2020-ல் அதுக்கான அறிவிப்பில் தகுதியான செம்மொழிகளின் பட்டியலில் தமிழ் விடுபட்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் உயர் நீதிமன்றம் போனது, பிறகு தமிழ் சேர்க்கப்பட்டது. ஏன் சொல்றேன்னா, அறிவிப்பு வந்ததும் தகுதிப் பகுதியை முழுசா ஒரு தடவை வாசிங்க. விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே சந்தேகத்தை எழுப்புங்க. கேட்டாத்தான் மாறும்.

படிக்கும்போதே களத்துக்குப் போயிடுங்க. விடுமுறையில் பேராசிரியரோடு கல்வெட்டு தேடிப் போறது, அகழாய்வு நடக்கும் இடத்தில் பயிற்சி கிடைக்குமான்னு கேட்கிறது, இதெல்லாம் மதிப்பெண் பட்டியலில் வராது. ஆனா நேர்முகத் தேர்வில் முதலில் கேட்கிற கேள்வியே "எந்தக் களத்தில் வேலை செஞ்சீங்க?" என்பதாக இருக்கும்.

வேலை கிடைக்குமா? நேரடியாகவே சொல்றேன்

நிகழ்ச்சி தொடங்கும் முன் கேள்விச் சீட்டு வாங்கினாங்க. அதில் ஒரு அம்மா எழுதியிருக்காங்க: "என் பொண்ணு தொல்லியல்தான் படிப்பேன்னு அடம் பிடிக்கிறா. நாங்க கடன் வாங்கித்தான் படிக்க வைக்கணும். அஞ்சு வருஷம் கழிச்சு அவ வருத்தப்படுவாளா?"

அம்மா, உங்க கேள்வி நியாயமானது. பூசி மெழுகாம பதில் சொல்றேன்.

நிரந்தர அரசுப் பணியிடங்கள் குறைவு. மாநிலத் துறையில் தொல்லியல் அலுவலர், அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் போன்ற பணிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் மூலம் ஆள் எடுக்கிறாங்க. ஆனா குரூப் 4 மாதிரி அடிக்கடி வராது. ஒரு அறிவிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஆண்டுகள் ஓடலாம். ஒன்றிய அரசுப் பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. வழியாக நாடு முழுக்க இருந்து போட்டி வரும். கல்லூரி ஆசிரியர் ஆகணும்னா நெட் அல்லது செட் தேர்வு, பிறகு முனைவர் பட்டம். அகழாய்வுத் திட்டங்களில், பல்கலைக்கழக ஆய்வுகளில் கிடைக்கிற வேலை பெரும்பாலும் தற்காலிகமானது. திட்டம் முடிஞ்சா வேலையும் முடியும்.

இதைக் கேட்டுட்டு "அப்போ வேண்டாம்"னு முடிவு பண்ணிடாதீங்க. கணக்குப் போட்டு இறங்குங்கன்னுதான் சொல்றேன். மூணு யோசனை சொல்றேன்.

முதலாவது, செலவு. அரசுக் கல்லூரியிலும் அரசுப் பல்கலைக்கழகத்திலும் படிச்சா கட்டணம் குறைவு, உதவித்தொகைகளும் இருக்கு. இந்தப் படிப்புக்காகப் பெரிய தொகை கேட்கிற இடத்தில் கடன் வாங்கிச் சேர வேண்டாம். துறைக்குள்ள வர்ற முதல் சம்பளத்துக்கும் அந்தக் கடனுக்கும் பொருந்தாது.

இரண்டாவது, இரண்டு கால்ல நில்லுங்க. வரலாறு முதுகலையோடு பி.எட். முடிச்சா ஆசிரியர் தேர்வு எழுதலாம். குரூப் 1, குரூப் 2, குடிமைப் பணித் தேர்வுகளில் இந்திய வரலாறும் பண்பாடும் வரும், நீங்க படிச்சது அங்கே வீண் போகாது. ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், சுற்றுலா வழிகாட்டி, வரைபடத் தொழில்நுட்பம், பதிப்பகம், ஊடகம் என்று பக்கத்து வாசல்களும் இருக்கு.

மூன்றாவது, ஒரு கெடு வெச்சுக்கோங்க. முதுகலை முடிச்சு இத்தனை ஆண்டு முயற்சி செய்வேன், அதுக்குள்ள வரலைன்னா இன்ன வேலைக்குப் போவேன்னு வீட்டில் உட்கார்ந்து இப்பவே பேசிடுங்க. பேசாம விட்டாத்தான் பின்னாடி வருத்தம் வரும். பேசி முடிவு செஞ்ச வீட்டில், முடிவு எப்படி இருந்தாலும் பிள்ளை மேல பழி வராது. இந்தப் பேச்சு இன்னைக்கு ராத்திரியே நடக்கட்டும்னுதான் என் ஆசை.

கையில் தயாராக இருக்க வேண்டியவை

அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழுக்கு ஓடுறவங்கதான் அதிகம். கடைசி நாளில் சர்வர் மெதுவா இருக்கும், அப்போ யாரையும் திட்டிப் பயனில்லை. இவற்றை முன்கூட்டியே எடுத்து வெச்சுக்கோங்க:

• சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று எந்தத் தேதி வரை செல்லும்னு பார்த்துக்கோங்க.

• குடும்பத்தில் முதல் பட்டதாரி நீங்கதான்னா, முதல் தலைமுறைப் பட்டதாரி சான்று. இதுவும் இ-சேவை வழியாகவே கிடைக்கும்.

• தமிழ் வழியில் படிச்சதுக்கான சான்று. மாநில அரசுப் பணி நியமனத்தில் தமிழ் வழியில் படிச்சவங்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஆனா 2020 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளியிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படிச்சிருக்கணும். படிச்ச ஒவ்வொரு பள்ளி, கல்லூரியிலிருந்தும் சான்று வாங்கி வையுங்க. பள்ளி தூர ஊரில் இருந்தா இந்த விடுமுறையிலேயே போய் வாங்கிடுங்க.

• தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவு. கட்டணம் 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். பதிவு செய்தாலே விண்ணப்பிச்ச மாதிரி ஆகாது. ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக விண்ணப்பிக்கணும்.

எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, உங்க பேரில் ஒரு கோப்பாகப் போனிலும் மின்னஞ்சலிலும் வையுங்க. வாட்ஸ்அப்பில் வர்ற "தொல்லியல் துறையில் உடனடி வேலை, முன்பணம் கட்டுங்க" மாதிரிச் செய்தியை நம்பாதீங்க. துறை, தேர்வாணையம் இவற்றின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இல்லாத அறிவிப்பு, அறிவிப்பே கிடையாது.

தொல்லியல் படிக்காதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு

இந்த அவையில் இருக்கிற எல்லாரும் தொல்லியலாளர் ஆகப் போறதில்லை. ஆனா நம்ம எல்லார் கையிலும் போன் இருக்கு. வீடு கட்ட வானம் தோண்டும்போது, கிணறு வெட்டும்போது, கண்மாய் தூர் வாரும்போது பெரிய தாழி வாய் தெரியும், சிலை தட்டுப்படும், பழைய காசு கிடைக்கும். அந்த நேரத்தில் நாம என்ன செய்றோம்?

பலரும் முதலில் செய்றது, தாழியை உடைச்சு உள்ளே தங்கம் இருக்கான்னு பார்க்கிறது. தாழிக்குள்ள பெரும்பாலும் எலும்பு, சிறு மண்பாண்டம், இரும்புக் கருவிதான் இருக்கும். உடைச்ச அஞ்சு நிமிஷத்தில் 2,500 ஆண்டுத் தகவல் போயிடும், உடைச்சவருக்கும் லாபம் கிடையாது. அதுக்குப் பதிலா இப்படிச் செய்யுங்க.

வேலையை அந்த இடத்தில் நிறுத்துங்க. பொருளை எடுக்காம, கழுவாம, இருந்த இடத்திலேயே விடுங்க. பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது பேனாவை வெச்சு நாலு பக்கமும் போட்டோ எடுங்க. சுற்றுப்புறமும் தெரியுற மாதிரி ஒரு படம் எடுங்க. இருப்பிடத்தைப் போனில் குறிச்சு வையுங்க. கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ உடனே சொல்லுங்க. ரீல்ஸ் போட்டு இடத்தை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். மறுநாளே மண்வெட்டியோடு ஆள் வந்து நிற்கும்.

இது சட்டமும்கூட. 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினா மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கணும். மறைச்சா தண்டனை உண்டு. பாதுகாக்கப்பட்ட மத்திய அரசின் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை இருக்கு. அதுக்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்டணும். மனை வாங்கும் முன் இதை விசாரிங்க. பத்திரம் முடிஞ்ச பிறகு தெரிஞ்சு அலையறதைத் தவிர்க்கலாம்.

ஊர்க் கோயில் கல்வெட்டு மேல பெயின்ட் அடிக்கிறது, மணல் வீசிச் சுத்தம் செய்றது, எழுத்து தெரியணும்னு ஆணியால் கீறுறது, இதெல்லாம் எழுத்தை அழிச்சிடும். நிதானமாக எடுத்துச் சொல்லுங்க. கேட்கலைன்னா துறைக்கு எழுதுங்க.

அவையிலிருந்து வந்த கேள்விகள்

*அக்கா, நான் பயோ-மேத்ஸ் குரூப். இப்போ மாறிப் போனா அறிவியல் படிச்சது வீணா?*

வீண் இல்லை. வேதியியலோ தாவரவியலோ இளங்கலை படிச்சிட்டு, பிறகு தொல்லியல் பக்கம் வந்தா உங்க மதிப்பு கூடும். ஆனா முதுகலையில் எந்தப் பட்டத்தைத் தகுதியாக ஏத்துக்கிறாங்கன்னு இப்பவே பார்த்து வெச்சுக்கோங்க.

*பெண் பிள்ளைகளை வெயிலில், காட்டில், மாசக்கணக்கில் அனுப்பலாமா?*

கஷ்டம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். முகாம் வாழ்க்கை, கழிப்பறை வசதி, தூரம் எல்லாம் முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியவை. கேட்கிறதில் கூச்சம் வேண்டாம். ஆனா பெண்களால முடியாத வேலையான்னு கேட்டா, திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தைப் பாருங்க. சாந்தி பப்பு தலைமையில் நடந்த ஆய்வில், அங்கே கிடைச்ச கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவைன்னு 2011-ல் உலக அளவில் ஆய்வுக் கட்டுரை வந்தது. நம்ம அகழாய்வுக் குழிகளில் மண்ணைச் சலிக்கிறதும் ஓடு கழுவுறதும் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள்தான். நல்ல ஓட்டையும் எழுத்துக் கீறலையும் அவங்க கண்ணு சட்டுனு பிடிச்சிடும்.

*ட்ரோனும் ஏ.ஐ.-யும் வந்த பிறகு இந்த வேலை இருக்குமா?*

எங்கே தோண்டலாம்னு கருவி சொல்லும். பதிவுகளை வேகமாக அடுக்கிக் கொடுக்கும். ஆனா மண்ணின் நிறம் மாறுற இடத்தில் கையை நிறுத்துறதுக்கு அங்கே ஒரு ஆள் வேணும். கருவியையும் கத்துக்கிட்டுப் போங்க, உங்களுக்கு வேலை கூடும்.

*எங்க ஊர்ல எதுவுமே இல்லையே, நான் எங்கிருந்து தொடங்குறது?*

எதுவும் இல்லாத ஊர் அபூர்வம். ஊர்ப் பேர், பழைய கிணறு, கண்மாய் மதகில் இருக்கும் கல், வயல் வரப்பில் நிற்கும் நடுகல் இதையெல்லாம் பாருங்க. தாத்தா பாட்டியிடம் "அந்தத் திடலுக்கு ஏன் அந்தப் பேர்?"னு கேளுங்க. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்க.

இந்த மாசம் செய்யக்கூடியவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் போயிட்டு வாங்க. மதுரைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் இருக்கு. சென்னையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களைப் பார்க்கலாம். ஒரு பொருளின் முன்னாடி பத்து நிமிஷம் நில்லுங்க. அதைப் பற்றிப் பத்து வரி எழுதுங்க. அந்தப் பத்து நிமிஷம் உங்களுக்கு அலுப்பாக இருந்ததா, நேரம் போனதே தெரியலையா? இந்தத் துறை உங்களுக்குச் சரிப்படுமான்னு அதிலேயே பாதி தெரிஞ்சிடும்.

தமிழி எழுத்துகளைக் கத்துக்கோங்க. ஒரு வாரத்தில் உங்க பேரை எழுதிடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தொல்லியல், கல்வெட்டு நூல்கள் இலவசமாகக் கிடைக்குது, போனிலேயே படிக்கலாம். உங்க மாவட்டத்தைப் பற்றிய நூலில் இருந்து தொடங்குங்க.

வீட்டில் பேசுங்க. செலவு எவ்வளவு, எத்தனை ஆண்டு, மாற்று வழி என்ன என்று ஒரே தாளில் எழுதி அப்பா அம்மா கையில் கொடுங்க. தெளிவாக எழுதின தாளுக்கு வீட்டில் மரியாதை உண்டு. அளந்து, தேதி போட்டு, உள்ளதை உள்ளபடி எழுதுறது தொல்லியலில் முதல் பாடமும்கூட. அந்தப் பாடத்தை உங்க வீட்டிலிருந்தே தொடங்கிடலாம்.